எஸ்டேட் வண்டி, ஊர் வண்டி, வெளி வண்டி

போன மாதம் பாலக்காட்டில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்து அங்கிருந்தே கோயம்புத்தூர் புறப்பட்டோம். வாளையார் ரோட்டில் டோல் கேட் வந்தது. எனக்கு எங்கே கேட்டைப் பார்த்தாலும் முதுகு தானாக நிமிரும். மாப்பிள்ளை காரைக் கொஞ்சம் மெதுவாக்கினார். கண்ணாடியில் ஒட்டியிருந்த வில்லையை மேலே இருந்த எதுவோ பார்த்தது, கம்பு எழுந்தது, நாங்கள் அந்தப் பக்கம் போய்விட்டோம். எங்களுக்கு முன்னால் போன சிமெண்ட் லாரிக்கும் அதே மரியாதைதான். கூண்டுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் எங்களைப் பார்க்கவில்லை.

"அவ்வளவுதானா மாப்பிள்ளை?" என்றேன்.

"அவ்வளவுதானுங்கத்தே. ஏனுங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

"என்னங்க சொல்லோணும்? காரா, லாரியான்னு அந்த வில்லையே சொல்லீருதுங்களே."

எனக்கு அது மனதுக்கு ஒப்பவே இல்லை. மாப்பிள்ளை ஊர் மீனாட்சிபுரத்துக்குத் திரும்பி வந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த கேட்டிலும் அடுத்து கேமரா வைக்கப் போகிறார்கள் என்று அங்கே இப்போது இருக்கும் சரண்யா போனில் சொல்லியிருந்தாள். அந்த வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊற வைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, "இப்பிடிப் பொலம்பறதுக்கு அந்தக் கேட்டுக் கதைய எழுதி வெச்சுப் போடுங்கத்தே" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் ஞானம். இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். அம்மாவுக்குப் பின்னால் நானும் கொழுந்து பறிக்கப் போனேன். ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி முழங்கால் போயிற்று. இனிமேல் கூடை சுமக்க ஆகாது என்று டாக்டர் சொன்னதும் என்னை எஸ்டேட் கேட்டுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான் நின்றேன். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இருந்தார், பாதியிலேயே போய்ச் சேர்ந்தார். மகள் ரூத்தை இங்கே மீனாட்சிபுரத்தில் கட்டிக்கொடுத்தேன். என் கதை இவ்வளவு போதும். கேட்டுக்கு வருகிறேன்.

எங்கள் எஸ்டேட் நடுவே ஒரு ரோடு போகிறது. காந்தலூருக்கு முறையான ரோடு வேறு இருக்கிறது. ஆனால் மேலே பூண்டும் காயும் விளைகிற ஊர்க்காரர்களுக்கு எங்கள் ரோடுதான் கிட்டம். அது கம்பெனியின் சொந்த ரோடு. மழைக்கு அரித்தாலும் மண் சரிந்தாலும் கம்பெனிதான் சரிசெய்ய வேண்டும். அதற்காகத்தான் கேட்டும் கட்டணமும். கேட் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீளமான மூங்கில் கம்பு. அதன் கட்டை முனையில் கல் கட்டியிருக்கும், நீள முனையில், வண்டியைச் சுற்றி வர எட்டுகிற நீளத்துக்குக் கயிறு. கயிற்றைப் பிடித்திருந்தால் கம்பு வழியை மறிக்கும், விட்டால் எழுந்துகொள்ளும். பக்கத்தில் தகரம் போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் முருகையா உட்கார்ந்து சீட்டு எழுதுவார்.

அறைச் சுவரில் ஒரு போர்டு. அதில் மூன்று தலைப்புகள். எஸ்டேட் வண்டி, ஊர் வண்டி, வெளி வண்டி. எஸ்டேட் வண்டிக்குக் காசு கிடையாது. மேல் ஊர்க்காரர் வண்டிக்குப் பாதி. வெளியாட்களுக்கு முழுசு. ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் பைக்கிலிருந்து பஸ் வரை வரிசையாக இருக்கும். ஆம்புலன்சுக்கும் பள்ளிக்கூட வண்டிக்கும் ஒன்றுமில்லை. ஆனை போர்டிலேயே இல்லை. ஆனை வந்தால் கயிற்றை விட்டுவிட்டு நானும் அறைக்குள் போய்விடுவேன்.

எங்கள் ஊர் மூடுபனியைத் தெரியாதவர்களுக்கு இனி வருவது விளங்காது. பகல் பன்னிரண்டு மணிக்குக்கூட முருகையாவுக்கு ரோட்டில் நிற்கிற வண்டி தெரியாது. அதனால் கயிற்றைப் பிடித்து நிற்கிற நான்தான் வண்டியைச் சுற்றிப் பார்த்து உரக்கக் கூப்பிட வேண்டும். யார் வண்டி, என்ன வண்டி, எதை ஏற்றியிருக்கிறது என்று மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில். "ஊர் ஜீப், காய் லோடு!" "வெளி வேன், ஆள் லோடு!" முருகையா உள்ளேயிருந்து அதைத் திருப்பிச் சொல்லிச் சீட்டைக் கிழிப்பார். பிறகுதான் நான் கயிற்றை விடுவேன்.

கேட்கச் சுலபம், செய்யப் போனால் தெரியும். மேலே ஒரு ஜீப் இருந்தது. காலையில் அது பூண்டு மூட்டையோடு இறங்கும்போது ஊர் ஜீப். பத்து மணிக்கு மேல் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு வரும்போது வெளி ஜீப். சாயங்காலம் எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்தால் ஒன்றும் கிடையாது. அதே ஜீப், அதே டிரைவர். டூரிஸ்டுகள் காலடியில் ரெண்டு முட்டைக்கோஸைப் போட்டுவிட்டு "காய் லோடுதான்க்கா" என்று அவன் சத்தியம் செய்வான். "அந்தக் காய்க்கெல்லாம் கூலிங் கிளாஸ் யாருடா மாட்டிவிட்டது?" என்று கேட்டு வெளி ஜீப்பாகவே கூப்பிடுவேன். அவனும் சிரித்துக்கொண்டே காசை நீட்டுவான்.

இந்தக் கூப்பிடும் முறையை எங்களுக்கு வகுத்துக் கொடுத்தவர் தாமஸ் சார். ரோடும் கேட்டும் அவர் பொறுப்பு. கீழே கோட்டயம் பக்கத்துக்காரர். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை. ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. திடீரென்று பனிக்குள்ளிருந்து வந்து நிற்பார். வண்டியைக் குடையால் காட்டி "எந்தா இது?" என்பார். இது என்ன என்று மலையாளத்தில் அவ்வளவுதான் கேள்வி. பதில் சொன்னால் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். மறுபடியும் "எந்தா இது?" என்றால் நாம் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். திரும்பவும் வண்டியைச் சுற்றி வர வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. எரிச்சலாக வரும். பிறகு பழகிவிட்டது. அவர் வராத நாளில் எனக்குள்ளேயே "எந்தா இது?" என்று கேட்டுக்கொள்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

அவருக்கு ரெண்டு ரூல். ஒன்று, கூப்பிட்டது கூப்பிட்டதுதான். வாயிலிருந்து வந்து சீட்டும் கிழித்த பிறகு மேனேஜரே வந்து சொன்னாலும் மாற்றக் கூடாது. "ஒருவட்டம் மாத்தினா பின்னே எல்லாரும் மாத்தச் சொல்லும் ஞானம். அதினால கூப்பிடும் முன்னே நல்லா நோக்கு" என்பார். ரெண்டாவது ரூல் ஒரு டிரைவரின் புண்ணியத்தில் வந்தது. பனி கொட்டிக் கிடந்த ஒரு நாள், ஒரு வெளி ஜீப்காரன் வண்டியிலிருந்தே "எஸ்டேட் ஜீப், ஆள் லோடு!" என்று என் குரல் மாதிரியே கீச்சென்று கூப்பிட்டான். முருகையாவும் சீட்டைக் கிழித்துவிட்டார். நான் ரோட்டில் நின்று கத்து கத்தென்று கத்தினேன். தாமஸ் சார் வந்து விசாரித்தார். சீட்டுக் கிழித்தாயிற்று, அவனை விடு என்றார். அன்றிலிருந்து, கயிறு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் கூப்பிட்டால்தான் செல்லும் என்று ஆக்கினார். முருகையா சந்தேகம் வந்தால் உள்ளேயிருந்து "கயிறு யாரு கையில?" என்று கேட்பார். "எங்கையிலதான்" என்று நான் சொன்ன பிறகே எழுதுவார்.

மண் சரிந்த ஒரு வருஷம் முதல்முதலாக ஒரு ஜேசிபி வந்தது. மேல் ஊரில் மண் அள்ளப் போகிற வண்டி. போர்டில் அப்படி ஒரு வரிசையே இல்லை.

"எந்தா இது?" என்றார் தாமஸ் சார்.

"மண்ணு அள்ளுற மிஷின் சார்."

"அது செய்யுற ஜோலி. போர்டில எந்தா?"

"போர்டுல இல்லையே சார்."

அவர் அந்த டிரைவரைக் கம்புக்கு இந்தப் பக்கமே கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டச் சொன்னார். நல்ல வெயில், தார் இளகிக் கிடந்தது. டயர் பதிந்த தடத்தில் குடை முனையை விட்டு ஆழம் பார்த்தார். சற்று முன்னால் போன லாரியின் தடத்திலும் விட்டுப் பார்த்தார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை. கடைசியில், "லாரின்னு கூப்பிட்டோ" என்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "ரோட்டுக்கு ஒண்ணும் அறியாது ஞானம். யாரு வந்தது, எதுக்கு வந்ததுன்னு அதுக்குத் தெரியாது. எத்தனை கனம், எத்தனை தேயும், அது மட்டும் தெரியும்."

"அப்ப எஸ்டேட் லாரியும் வெளி லாரியும் ஒரே கனம்தானே சார்? எதுக்கு வேற வேற?"

அவர் போர்டைப் பார்த்தார். "அது ஆபீஸ்காரர் எழுதினது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செல்லத்தாய் விஷயம் நடந்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. செல்லத்தாய் எனக்கு மூத்தவள். எஸ்டேட் ஆட்களின் வீட்டு வரிசைக்கு லயம் என்று பெயர், ரெண்டு லயம் தள்ளி அவள் வீடு. கொழுந்து பறிப்பதில் அவள் கை வேகத்துக்கு எங்களில் யாரும் ஈடில்லை. வாயும் அதே வேகம். வேலை முடிந்து ஓய்வு வந்தது. எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. லயத்து வீட்டைக் காலி செய்து ஆபீஸில் சாவியைக் கொடுத்தால்தான் சேர வேண்டிய செக் கைக்கு வரும். சாவியைக் கொடுத்த நிமிஷத்திலிருந்து எஸ்டேட் ஆட்களின் பேர்ச்சீட்டில் நம் பெயர் இல்லை. அதுவரை காலி செய்து போனவர்களெல்லாம் எஸ்டேட் டிராக்டரிலேயே சாமானை ஏற்றிக்கொண்டு கீழே பஸ் ஸ்டாப் வரை போய்விடுவார்கள். டிராக்டர் எஸ்டேட் வண்டி, அதில் யார் இருந்தாலும் கேள்வி இல்லை. அந்த வருஷம்தான், டிராக்டர் தர முடியாது, அவரவர் வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

செல்லத்தாயின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவன் வந்து கீழேயிருந்து ஒரு பிக்கப் பிடித்தான். காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு, சாமான்களை ஏற்றிக்கொண்டு, மத்தியானம் கேட்டுக்கு வந்தார்கள். கட்டில், பீரோ, ஆட்டுக்கல், எண்ணெய் டின்னில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. முன் சீட்டில் செல்லத்தாய், மடியில் கூடையோடு ஒரு சேவல்.

நான் வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன், வரவில்லை. வண்டி கீழ்நாட்டு வண்டி. டிரைவர் வெளியாள். உள்ளே இருக்கிறவள் காலையோடு பேர்ச்சீட்டிலிருந்து போய்விட்டாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் போர்டு ஒன்றைத்தான் சொல்லுகிறது.

"என்னட்டி ஞானம், பேயறைஞ்ச மாதிரி நிக்க? கூப்பிடு" என்றாள் செல்லத்தாய்.

என் கண் போர்டுக்குப் போனது. அவளும் போர்டைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் அந்தப் போர்டு அவளுக்கு மனப்பாடம். புரிந்துவிட்டது. சேவலை மகன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

"நான் வெளியாளா?"

"யக்கா, நான் சொல்லலக்கா, போர்டு..."

"போர்டு கெடக்கட்டும். நீ சொல்லுட்டி. நான் வெளியாளா?"

மகன் ஓடி வந்தான். "யம்மா, விடும்மா. எவ்வளவோ அதக் குடுத்துட்டுப் போவோம். நேரமாவுது."

"குடுல. நான் வேண்டாங்கல. ஆனா அந்தப் பேரக் கூப்பிடாம வாங்கிக்கிடச் சொல்லு."

அது எப்படி முடியும்? கூப்பிடாமல் சீட்டு இல்லை. சீட்டு இல்லாமல் கம்பு எழாது. அவள் பிக்கப்புக்கு முன்னால், கம்புக்கு நேர் கீழே, ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ கேட்டுக்கு வாறதுக்கு முன்ன மண்ணு சரிஞ்சு இந்த ரோடே இல்லாமப் போச்சுல்லா, அன்னைக்கு ஜல்லி சுமந்தது யாரு? கொழுந்துக் கூடையில கல்லப் போட்டுச் சுமந்தோம். நீயுந்தான சுமந்த? அப்ப உன் முட்டு நல்லா இருந்துச்சு. இன்னைக்கு நான் போனா ரோடு தேயுதாக்கும்? ரோட்ட நான் தேய்க்கலட்டி. ரோடுதான் என் காலத் தேய்ச்சிருக்கு. இந்தா பாரு." செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். குதிகால் முழுக்க வெடிப்பு. ஒரு விரலில் நகமே கிடையாது.

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒரு டூரிஸ்ட் வேன் விடாமல் ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் நின்ற பூண்டு ஜீப்காரன், அதே முட்டைக்கோஸ் பேர்வழி, தன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப்போய் வேன்காரனிடம் ஏதோ சொன்னான். ஹாரன் நின்றது. அப்போதுதான் பனிக்குள்ளிருந்து குடை வருவது தெரிந்தது.  செல்லத்தாய் எழுந்திருக்கவில்லை. காலையும் இறக்கவில்லை. தாமஸ் சார் வந்து அந்தக் காலைப் பார்த்தார். பிக்கப்பைப் பார்த்தார். கட்டிலை, பீரோவை, கறிவேப்பிலைக் கன்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என்னக்கா, என்னன்னு எழுதட்டும்?" என்று முருகையா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஞானம்" என்றார் தாமஸ் சார். "எந்தா இது?"

எப்போதும் கேட்கிற அதே குரல். இதை நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். போர்டில் இருப்பதைக் கூப்பிடு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கூப்பிட்டிருப்பேன். மேலதிகாரி சொல்லு, நாம் என்ன செய்வது என்று எனக்கும் தப்பித்துக்கொள்ள வழி இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. கேட்டார். கேட்டுவிட்டு வேறு எங்கோ பார்த்தார்.

நான் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். "எஸ்டேட் பிக்கப், சாமான் லோடு!"

முருகையா உள்ளேயிருந்து "கயிறு யாரு கையில?" என்றார்.

"எங்கையிலதான்!"

"எஸ்டேட் பிக்கப், சாமான் லோடு" என்று திருப்பிச் சொன்னார். சீட்டுக் கிழிகிற சத்தம் கேட்டது.

"கூப்பிட்டாச்சோ?" என்றார் தாமஸ் சார்.

"கூப்பிட்டாச்சு சார்."

"பின்னே கயிறு விடு."

செல்லத்தாய் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "இத முதல்லயே சொல்லுததுக்கு என்னட்டி கேடு உனக்கு? நேரத்தக் கெடுத்துட்ட" என்று திட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். சேவல் கூவியது. அவ்வளவுதான், போய்விட்டாள்.

ஆபீஸில் சும்மா விடுவார்களா? தாமஸ் சாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கூப்பிட்டால் மாற்றக் கூடாது, அது தன் ரூல் என்று அவர் சொன்னாராம். அவருக்கு ஒரு மெமோ. எனக்கு நாற்றுப் பண்ணை. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து கவரில் மண் அடைக்கிற வேலை. என் முழங்கால் வேண்டாம் வேண்டாம் என்றது. தினமும் கர்த்தரிடம் முறையிட்டுக்கொண்டே மண் அடைத்தேன். தாமஸ் சார் ஒருதரம் அந்தப் பக்கம் வந்து குடையை ஊன்றி நின்று, "முட்டு எப்படி?" என்று மட்டும் கேட்டார். "இருக்கு சார்" என்றேன். என் இடத்தில் போட்டிருந்தவன் பனியில் பால் வேனைப் பஸ் என்று கூப்பிட்டு மேல் ஊரே சண்டைக்கு வந்த பிறகு, என்னைத் திரும்பவும் கேட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வந்து பார்த்தால் போர்டில் புதிதாக ஒரு வரி. லயமோ குவார்ட்டர்ஸோ காலி செய்யும் வண்டி வெளி வண்டி. பெயிண்ட் அப்போதும் பளபளவென்று இருந்தது.

அந்த வரிக்குக் கீழே முதலில் வந்து நின்றது யார் என்கிறீர்கள்? தாமஸ் சார்தான். அவருக்கும் ஓய்வு வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஒரு லாரியில் சாமான் ஏற்றி வந்தார். முன் சீட்டில் அவர் மனைவி. நான் ராத்திரியே முடிவு செய்து வைத்திருந்தேன், எஸ்டேட் லாரி என்றுதான் கூப்பிடுவது, நாற்றுப் பண்ணை என்றால் நாற்றுப் பண்ணை என்று. அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். இறங்கி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "போர்டில உள்ளது கூப்பிடு. உன்ற முட்டு இனி மண்ணடைக்க ஆகாது."

"உங்களப் போயி எப்படி சார்..."

அவர் ரெண்டடி தள்ளி நின்றார். குடையால் தன் லாரியைத் தானே காட்டினார். "எந்தா இது?"

"வெளி லாரி, சாமான் லோடு" என்றேன். முருகையாவுக்குக் கேட்காமல் இன்னொரு தரம் கூப்பிட வேண்டியிருந்தது. தாமஸ் சார் காசைக் கொடுத்தார், சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார், "நன்னாயி" என்றார். நன்றாகச் செய்தேனாம். அன்றைக்கு மத்தியானம் நான் சோறு உண்ணவில்லை. கோபம் முழுக்க அவர் மேல்தான். இப்போதும் அந்தக் கோபம் கொஞ்சம் இருக்கிறது.

பிறகு முருகையா போனார். மூங்கில் போய் இரும்புக் குழாய் வந்தது, கயிறு மட்டும் அப்படியே இருந்தது. சீட்டுப் புத்தகத்துக்குப் பதில் ஒரு சின்ன மெஷின். அதை வைத்துக்கொண்டு ஒரு புது சார் உள்ளே உட்கார்ந்தார், வயது குறைவு, ஒரு கையில் மெஷின், ஒரு கையில் போன். பனி மட்டும் பழைய பனி. ஆகவே கூப்பிடுவது தொடர்ந்தது. சரண்யா கான்ட்ராக்டில் எனக்கு மாற்றாளாக வந்தாள். எங்கள் லயத்துப் பெண்தான். கைக்குழந்தைக்காரி, வீட்டுக்காரன் குடிகாரன், அந்த வேலை போனால் அவளுக்கு வேறு வழியில்லை.

எனக்கும் ஓய்வு வந்தது. காலையில் சாவியைக் கொடுத்தேன், செக்கை வாங்கினேன். மாப்பிள்ளை பால் கேன் ஏற்றுகிற தன் பிக்கப்பைக் கொண்டு வந்திருந்தார். கட்டில், பீரோ, பைபிள் பெட்டி, தையல் மெஷின். ரூத் ரெண்டு நாள் முன்பே வந்து பாதியைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாள். வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. சரண்யா என்ன கூப்பிடப் போகிறாள்? போர்டைக் கூப்பிட்டால் எனக்கு நெஞ்சு தாங்காது. எஸ்டேட் என்று கூப்பிட்டால் அவளுக்கு வேலை தங்காது. தாமஸ் சார் ஏன் ரெண்டடி தள்ளி நின்றார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கேட்டில் நல்ல பனி. சரண்யா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறாள். வண்டியைச் சுற்றி வர ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் நான் இறங்கினேன். அவள் கூப்பிட்டால்தானே அவளுக்குத் தொந்தரவு? இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து நானே கூப்பிட்டேன்.

"வெளி பிக்கப், சாமான் லோடு!"

அந்தப் பேரை என் வாயால் எனக்கே கூப்பிட்டேன்.  ஆனாலும் அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று ஒரு நிம்மதி.

சரண்யா என்னை முறைத்தாள். "யக்கா, கயிறு யாரு கையில இருக்கு?"

நான் கயிற்றைப் பார்த்தேன்.

"சொல்லுங்கக்கா. யாரு கையில?"

"உன் கையில."

"அப்ப நீங்க கூப்பிட்டது செல்லாது. நீங்க இப்ப கேட்டு ஆளில்ல." திரும்பி அறையைப் பார்த்துக் கூப்பிட்டாள், என்னைவிட உரக்க. "எஸ்டேட் பிக்கப், சாமான் லோடு!"

புது சார் வெளியே வந்தார். கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். "ரெண்டு தடவ கூப்பிடுறது கேட்டுது. எது எழுதணும்?" என்றார்.

"கயிறு என் கையில சார்" என்றாள் சரண்யா. "கூப்பிட்டது கூப்பிட்டதுதான்."

அந்த மனிதரைப் பற்றி நான் வீட்டில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். போனைத் தவிர ஒன்றும் தெரியாத ஆள் என்று. அவர் திரும்பி உள்ளே போனார்.  சரண்யாவின் கை கயிற்றில் வெளுத்துப் போயிருந்தது. பிறகு மெஷின் கரகரவென்று சீட்டைத் துப்புகிற சத்தம் கேட்டது.

சரண்யா கயிற்றை விட்டாள். நான் ஏறி உட்கார்ந்தேன். கண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. தேயிலைக் காடு முடிகிற வளைவு வரை மாப்பிள்ளை பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"ஏனுங்கத்தே, காசு எதுவும் வாங்கலீங்களா?"

"எஸ்டேட் வண்டிக்கு என்ன காசு மாப்பிள்ளை?" என்றேன்.